நாலு மணிக் கப்பல்

“கப்பல்காரங்க ஏற்பாடு பண்ணின பஸ்ல ஊர் சுத்தப் போயிருந்தா, லேட்டானாலும் நமக்காகக் கப்பல் நிக்கும். டாக்ஸின்னா இஷ்டத்துக்குச் சுத்தலாம்னு நீங்கதான் குதிச்சீங்க!” டாக்ஸியின் பின்சீட்டில் அச்சகக்காரரின் மனைவி பொரிந்து தள்ளினாள்.

அச்சகக்காரர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நாலு மணிக்குச் சுற்றுலாக் கப்பல் கிளம்பிவிடும். இன்னும் பத்தே நிமிடம். பெட்டி, மாத்திரை எல்லாம் கப்பலில்.

வளைவில் ஒரு கார் புகை கக்கிக்கொண்டு நின்றது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நடுச்சாலைக்கே வந்து கையை ஆட்டினார். டாக்ஸி வேகம் குறைந்தது.

“சார், நானும் துறைமுகத்துக்குத்தான்...”

“நிறுத்தாதீங்க டிரைவர், போங்க!” என்று கத்தினார் அச்சகக்காரர்.

“பாவங்க, முன்சீட்டு காலியாத்தானே கிடக்கு?”

“ஊருக்கு உபகாரம் பண்ற நேரமாடி இது?”

துறைமுகத்தை அடைந்தபோது மணி நாலேகால். கப்பல் நின்றுகொண்டிருந்தது! மூச்சிரைக்க ஓடினார்கள்.

“எங்களுக்காகவா நிறுத்தி வெச்சீங்க?”

வாசலில் நின்ற கப்பல் அதிகாரி சலித்துக்கொண்டார். “நீங்க வேற! துறைமுகத்தை விட்டுக் கப்பலை வெளியே நடத்திட்டுப் போற பைலட் இன்னும் வரல சார். வழியில அவர் கார் ரிப்பேராம். கெஞ்சிக் கேட்டும், யாரோ ஒரு புண்ணியவான் டாக்ஸியை நிறுத்தாமப் போயிட்டானாம்!”