வீட்டில் பேசும் மொழி
டொரண்டோவில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் வருடத்துப் பனி வெளிச்சம், ஏழாம் வகுப்பு ஆசிரியையின் மேசைமீது கிடக்கும் மதிப்பெண் பட்டியலில் விழுகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் வசுமதி அதைத் தலைகீழாகவே படித்துவிடுகிறாள். மகள் நளினிக்குக் கணக்கில் தொண்ணூற்று நான்கு. ஆனாலும் பெயருக்கு நேரே மந்தமான பிள்ளைகளின் பிரிவுக்கான சிவப்புப் புள்ளி. அறுபது வாங்கிய ராபர்ட்டுக்குப் பச்சை. ஆசிரியை சிரித்தபடியே பட்டியலை உள்ளங்கையால் மூடுகிறாள். அந்தச் சிரிப்பில்தான் வசுமதிக்குச் சந்தேகம் தட்டுகிறது. “ஏங்க, நளினியைச் சேர்த்தப்ப ஃபாரத்துல வீட்ல பேசற பாஷைன்னு கேட்ட இடத்துல என்ன எழுதினீங்க?” “தமிழ்னுதான். வேற என்னத்த எழுதறது?” என்கிறார் கணவர் மோகனசுந்தரம். இளைய மகனைப் பள்ளியில் சேர்க்க ஆசிரியை நீட்டும் படிவத்திலும் அதே கேள்வி. வசுமதி அவரிடமிருந்து பேனாவைப் பிடுங்கி, ‘இங்கிலீஷ்’ என்று எழுதுகிறாள். அவர்கள் தமிழில் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியை, அதைப் படித்துவிட்டுச் சிவப்புப் பென்சிலை எடுக்கிறாள்.