செ. இளம்பரிதி

மகன் இளம்பரிதியைப் போருக்கு அனுப்பியது ஒரு கட்சி. போரை இழுத்தடித்து அவனைச் சாகக்கொடுத்தது இன்னொரு கட்சி. ஒஹாயோ வாக்குச்சாவடியில், இரண்டு வேட்பாளர்களுக்கும் கீழே 'வேறு யாராவது' என்றிருந்த வெற்றுக் கோட்டில், நம்மூர் வழக்கப்படி தன் பெயரின் முதலெழுத்தை இனிஷியலாக முன்னால் போட்டு மகன் பெயரை எழுதினார் செங்குட்டுவன்.

"யாருக்குக் குத்தினீங்க?" காரில் மனைவி பூங்கோதை கேட்டாள்.

"உன் கட்சிக்கு இல்லை."

"உங்க கட்சிதானே அவனை அனுப்பிச்சுது."

"உன் கட்சி திருப்பிக் கூப்பிட்டுச்சா?"

வழக்கம்போல அதோடு பேச்சு அறுந்தது.

மறுவாரம் உள்ளூர்ப் பத்திரிகை இப்படிக் கையால் எழுதிய உதிரி ஓட்டுகளையும் விடாமல் போட்டிருந்தது. செ. இளம்பரிதிக்கு இரண்டு ஓட்டு. செங்குட்டுவன் போட்டது ஒன்றுதான். அவர் மெல்ல நிமிர்ந்து சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"ஏங்க, பையன் தோத்துட்டான்," என்றாள் பூங்கோதை, திரும்பாமல்.