மைக் அக்கா மாற்றாத வரி

"'அம்மா செத்துட்டாங்க'ன்னு மைக்ல சொல்லப் போறீங்களா? இது குழந்தைங்க படவிழாம்மா!"

விழா அமைப்பாளர் கத்தினார்.

"படத்துல அப்படித்தான் சார் இருக்கு. அப்படியேதான் சொல்வேன்" என்றாள் அவள்.

குழந்தைகளுக்கான சர்வதேசத் திரைப்பட விழா. தேசம் தேசமாகப் படங்கள் வந்திருந்தன. திரையின் அடியில் ஓடுகிற எழுத்தை வாண்டுகளால் படிக்க முடியுமா? அதற்காகத்தான் அரங்கின் பின்னால் ஒரு கண்ணாடி அறை, அதில் ஒரு மைக், மைக்குக்கு முன்னால் இவள். படம் ஓட ஓட எல்லார் வசனத்தையும் நம் மொழியில் பேசுவாள். வாத்தும் அவள்தான், வாத்தை விரட்டுகிற போலீஸ்காரரும் அவள்தான். பிள்ளைகள் வைத்த பெயர் மைக் அக்கா.

இன்றைய படத்தில் ஒரு சின்னப் பெண் தினமும் படகுத்துறைக்குப் போய் அம்மாவுக்காகக் காத்திருக்கிறாள். ஆளாளுக்கு ஒரு சாக்கு சொல்கிறார்கள். கடைசியில் அண்ணன்காரன்தான் உண்மையைப் போட்டு உடைக்கிறான்.

"'தூரமா போயிருக்காங்க, ஒருநாள் வருவாங்க'ன்னு மாத்திடுங்க. ஒரே ஒரு வரி. உங்க சொத்தா அழிஞ்சுபோகும்?"

"அந்த ஒரு வரிக்காகத்தான் சார் படமே எடுத்திருக்காங்க."

"பிள்ளைங்க அழுதா பெத்தவங்க என் சட்டையைத்தான் பிடிப்பாங்க. சரி, ஊரான் பிள்ளைங்கள விடுங்க. முன்வரிசையில உங்க அக்கா பொண்ணு உட்கார்ந்திருக்கு. தாயில்லாப் பிள்ளை. அது காதுல விழற மாதிரி இதைச் சொல்ல உங்களுக்கு எப்படிம்மா மனசு வருது?"

படம் ஓட்டுகிறவர் "சரியான கல்நெஞ்சுக்காரி" என்று முணுமுணுத்தார், அவளுக்குக் கேட்கட்டும் என்றே.

சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அவள் அசைந்து கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளைக்காகத்தானே சொல்லப் போகிறாள்!

அக்கா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடி மாசக்கணக்காகிறது. 'அம்மா வைத்தியத்துக்கு வெளியூர் போயிருக்காங்க' என்று பிள்ளையிடம் சொல்லி வைத்தார் அக்கா வீட்டுக்காரர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். 'எப்ப வருவாங்க, எப்ப வருவாங்க' என்று அரித்தெடுத்த குட்டி, திடீரென்று ஒருநாள் கேட்பதையே நிறுத்திவிட்டாள்.

"மறந்துட்டா. நல்லதாப் போச்சு. நீ ஒண்ணும் கிளறாதே" என்றார் அவர்.

பெற்ற அம்மாவை மறக்கிற பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது? தானே சொல்லிவிடுவது என்று எத்தனையோ தடவை குட்டியைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்திருக்கிறாள். தொண்டை வரைக்கும் வரும். தலையை வாரிவிட்டு அனுப்பிவிடுவாள். அரங்கத்தில் ஆயிரம் பேச்சுப் பேசுகிற வாய், வீட்டில் ஊமையாகிவிடும்.

இன்றைக்கு யாரோ எழுதின வசனம் கையில் கிடைத்திருக்கிறது. முதலில் மைக்கில் சொல்லிவிடுவது, படம் முடிந்ததும் நேரில் சொல்லிவிடுவது. இதை விட்டால் இந்த ஜென்மத்தில் தனக்குத் தைரியம் வரப்போவதில்லை.

"வரியை மாத்தித்தான் ஆகணும்னா வேற ஆளைப் பாத்துக்குங்க சார்."

மணி அடித்தாயிற்று. இனிமேல் வேறு ஆளுக்கு அவர் எங்கே போவார்?

"என்னமோ பண்ணித் தொலைங்க. நாளையிலேர்ந்து நீங்க வரவேண்டாம்!"

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

அரங்கு இருண்டது. படகோட்டியாகக் கரகரத்தாள், கிழவியாக இருமினாள், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தக் காட்சி வந்தது. மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா செத்துட்டாங்கம்மா. இனிமே வரமாட்டாங்க. நான் இருக்கேன்."

குரல் நடுங்கவில்லை. எங்கோ ஒரு குழந்தை விசும்பியது. அதன் அம்மா அதை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். யார் சட்டையையும் யாரும் பிடிக்கவில்லை.

விளக்கு எரிந்ததும் முன்வரிசைக்கு ஓடினாள். எல்லாரும் எழுந்து போய்க்கொண்டிருக்க, குட்டி மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள்.

"கண்ணு... படத்துல அந்த அண்ணன் ஒண்ணு சொன்னான்ல..."

"அண்ணன் எங்க சொன்னான், சித்தி? நீதானே சொன்னே."

அதற்குமேல் ஒளிந்துகொள்ள இடமில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து, குட்டியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாண்டா. நான்தான் சொன்னேன். உங்கம்மாவும் செத்துட்டாங்க கண்ணு. இனிமே வரமாட்டாங்க. சித்தி இருக்கேன்."

அத்தனை பேருக்கு முன்னால் நடுங்காத குரல், இந்தப் பொடிசுக்கு முன்னால் உடைந்துவிட்டது. குட்டி தன் சட்டை நுனியால் சித்தியின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"எனக்குத் தெரியும் சித்தி. அம்மாவோட மூக்குக்கண்ணாடி வீட்டுலயே இருக்கு. அது இல்லாம அம்மாவுக்கு வாசப்படியே தெரியாது. வெளியூருக்கு எப்படிப் போவாங்க?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அப்ப ஏண்டா எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"நான் கேக்கறப்பல்லாம் அப்பா பாத்ரூமுக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுட்டு அழறாரு சித்தி. பாவமா இருந்துச்சு. அதான், மறந்துட்ட மாதிரி இருந்துட்டேன்."