சல்லடையில் சிக்காத பங்கு

குளிர்காலத்தின் முதல் திங்கட்கிழமை, காலை ஒன்பது இருபது. பங்குச் சந்தை திறந்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. கடைகளின் எடைக்கற்களைச் சோதிக்கும் இலாகாவில் முப்பத்தொரு வருடம் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கணினிக்கு முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திரையில் அவருடைய ஸ்கிரீனர். நாலாயிரம் கம்பெனிப் பங்குகளை உள்ளே கொட்டி, வேண்டிய நிபந்தனைகளுக்கு டிக் அடித்தால், தேறியதை மட்டும் காட்டும் சல்லடை அது. 'கடன் இல்லாதவை' என்று ஒரு டிக். 'லாபம் இரட்டிப்பானவை' என்று இன்னொன்று. 'விலை ஐம்பதுக்குள்' என்று மூன்றாவது. நாலாயிரம் ஏழாயிற்று, ஏழு ஒன்றாயிற்று. ஒரு பேட்டரிக் கம்பெனி.

கடைசியாக, 'உங்கள் தரகர் மூலம் வாங்கக்கூடியவை மட்டும்' என்ற கட்டத்தில் டிக் அடித்தார்.

'முடிவுகள் எதுவும் இல்லை' என்றது திரை.

அந்தத் தரகு நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் வேறு யாருமில்லை, சொந்த மைத்துனர், மனைவியின் தம்பி. அக்காவின் எக்ஸ்ரேயைக் கொடுத்துவிட்டுப் போக அன்று வந்தவர், வசமாக மாட்டிக்கொண்டார்.

"வாங்க மாப்பிள்ளை. உங்க கம்பெனி பங்கு விக்குதா, இல்ல பழைய பேப்பர் வாங்குதா?"

"ஏன் அத்தான்?"

"நாலாயிரத்துல ஒண்ணைப் பொறுக்கி எடுத்திருக்கேன். உங்ககிட்ட அது கிடைக்காதாம்!"

மைத்துனர் எட்டிப் பார்த்தார். "ஆமா அத்தான், கிடைக்காது."

"போன மாசம் கேட்டதும் கிடைக்கல. அதுக்கு முன்னாடி கேட்டதும் கிடைக்கல. என்னதான்யா கிடைக்கும் உங்ககிட்ட?"

"பெரிய கம்பெனிப் பங்கு கிடைக்கும். அரசாங்கப் பத்திரம் கிடைக்கும். ஆபீசுக்கு வந்தா ஜில்லுனு தண்ணி கிடைக்கும்."

நாற்காலியில் காலை நீட்டியிருந்த மனைவி முழங்காலைத் தடவிக்கொண்டாள். "அவனை ஏன் போட்டு வறுக்கிறீங்க? பிப்ரவரிக்குள்ள ஆபரேஷன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்த நாலு லட்சம் இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்."

"அங்கேயே இருந்தா நாலு நாலாத்தான் இருக்கும். ஜனவரிக்குள்ள எட்டாக்கிக் காட்டுறேன். ரெண்டு முழங்காலையும் சேத்தே பண்ணிக்கலாம்."

"முதல்ல ஒண்ணு நடக்கட்டும்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். "கிளம்புங்க மாப்பிள்ளை. உங்க ஆபீசுக்கே வரேன். நாலு பேர் முன்னாடி கேட்டாத்தான் உங்க முதலாளிக்கு உறைக்கும்."

மைத்துனர் அக்காவைப் பார்த்தார். அக்கா எக்ஸ்ரேயைப் பார்த்தாள்.

பத்தரை மணிக்குத் தரகு அலுவலகத்தின் கவுன்டர் அதிர்ந்தது.

"இந்தப் பங்கை ஏம்மா விக்க மாட்டேங்கிறீங்க?"

கவுன்டரில் இருந்த பெண் கணினியைத் தட்டினாள். "விக்கிறோமே சார். காலையிலகூட மூணு பேர் வாங்கினாங்க."

அவர் மைத்துனர் பக்கம் திரும்பினார். எடைக்கல்லின் அடியில் ஓட்டையைக் கண்டுபிடித்தபோதெல்லாம் கடைக்காரர்களைப் பார்த்த அதே பார்வை.

"உங்க கணக்குல மட்டும்தான் சார், சின்னக் கம்பெனிங்களை எல்லாம் மூடி வெச்சிருக்கு" என்றாள் அந்தப் பெண்.

"எவன் மூடினது?"

"நீங்கதான் சார். ரெண்டு வருஷம் முன்னாடியே கடிதம் கொடுத்திருக்கீங்க."

திரையை அவர் பக்கம் திருப்பினாள். மனைவியின் குண்டு குண்டான கையெழுத்தில் ஒரு கடிதம். கீழே ஒப்பம் அவருடையது, சந்தேகமேயில்லை. என்றோ அவள் ஒரு தாளை நீட்டியதும், ஸ்கிரீனரிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒப்பமிட்டதும் மங்கலாக நினைவுக்கு வந்தன. யார் யாருடைய கம்பெனிக்கோ எவ்வளவு கடன் என்று தசமப் புள்ளி வரை சொல்லக்கூடியவர், தாம் கையெழுத்திடும் தாளை மட்டும் படித்ததே இல்லை.

அந்தப் பெண் உரக்கப் படித்தாள். "'இது என் மனைவியின் முழங்கால் சிகிச்சைக்காக வைத்திருக்கும் பணம். ஆகவே என் கணக்கில் சிறிய கம்பெனிப் பங்குகளை அனுமதிக்க வேண்டாம். நானே நேரில் வந்து சத்தம் போட்டாலும் அனுமதிக்க வேண்டாம்.'"

காத்திருந்த ஓர் அம்மாள் தன் கணவரை முழங்கையால் இடித்தாள். "பாத்தீங்களா? மனுஷன்னா இப்படி இருக்கணும். நீங்களும் இருக்கீங்களே!"

"புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு இந்தக் கடிதத்தைத்தான் சார் காட்டுவோம்" என்று நெகிழ்ந்துபோய்ச் சொன்ன கவுன்டர் பெண், பேனாவை நீட்டினாள். "மறுபடி திறக்கணும்னா ஒரே ஒரு கையெழுத்து போதும். திறந்துடட்டுமா?"

அவர் பேனாவைப் பார்த்தார். வைத்த கண் வாங்காமல் தம்மையே பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாளையும் பார்த்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"எதுக்கும்மா? ஒழுங்கா மூடி வெச்சிருக்கீங்களான்னு சோதிச்சுப் பாக்கத்தானே வந்தேன். முப்பத்தொரு வருஷப் பழக்கம்!"

மைத்துனர் அவருக்கு ஜில்லென்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஜனவரியில் பேட்டரிக் கம்பெனியின் குட்டு வெளிப்பட்டது. கடன் இல்லாததற்குக் காரணம், யாரும் அதற்குக் கடன் கொடுக்கத் தயாராக இல்லை. லாபம் இரட்டிப்பானதற்குக் காரணம், தொழிற்சாலையையே விற்றுவிட்டார்கள். பங்கின் விலை ஐந்துக்கு வந்தது. "அதெல்லாம் வேணாம்னு ரெண்டு வருஷம் முன்னாடியே கையெழுத்துப் போட்டு ஒதுக்கிட்டேன்" என்று பூங்கா பெஞ்சில் நண்பர்களிடம் சொன்னார். பொய் என்று சொல்வதற்கில்லை.

பிப்ரவரி இரண்டாம் வெள்ளியன்று, அவர் கணக்கிலிருந்து மூன்று லட்சத்து எண்பதாயிரம் மருத்துவமனைக்குக் கட்டப்பட்டது. அந்தச் சிகிச்சையோடு பழைய கடிதத்தின் வேலை முடிந்தது; மார்ச்சில் அவருடைய வைப்புத் தொகை ஒன்று முதிர்ந்து அதே கணக்குக்கு வர இருந்தது; மனைவிக்கு இன்னொரு முழங்காலும் பாக்கியிருந்தது. அன்று மாலை படுக்கையில் இருந்தபடியே அவள் ஒரு தாளை நீட்டினாள். கைபேசியின் ஸ்கிரீனரிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் ஒப்பமிட்டார்.

அந்தப் புதிய கடிதத்துக்கான பதிவுக் கட்டணம் ஐம்பது ரூபாயை, திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்கு, சந்தை திறக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, மைத்துனர் தம் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கட்டினார்.