ஆறு வாரச் சந்தேகம்

"இன்னும் புரியலை சார்" என்றாள் மருந்துக்கடைக்காரி.

ஆங்கில வகுப்பு வாத்தியார் சாக்பீஸைக் கீழே வைத்தார். மற்றவர்கள் எல்லாரும் சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆறு வார மாலை வகுப்பின் கடைசி நாளில், இவள் ஒருத்தியிடம் மட்டும் இன்னமும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாம் பலகையில் இருந்த ஒரே ஒரு சொற்றொடரால் வந்த வினை. 'ரீட் பிட்வீன் த லைன்ஸ்.'

"சொன்னதை வெச்சு, சொல்லாம விட்டதைப் புரிஞ்சுக்கிறது. அவ்வளவுதாங்க. ஹாஸ்டல்ல இருக்கிற பையன் 'சாப்பாடு பரவாயில்லை'னு எழுதுறான். அம்மா உடனே ஒரு டப்பா நிறையத் தின்பண்டம் அனுப்புறாங்க. ஏன்?"

"பையன் பட்டினி கிடக்கிறான்."

"அதேதான்! இப்பப் புரிஞ்சுதா?"

"இல்லை சார். வேற உதாரணம் சொல்லுங்க."

வாத்தியாருக்குத் தலை சுற்றியது. பத்து வருஷமாக டாக்டர்களின் கோழிக்கிறுக்கலைப் படித்து, தப்பில்லாமல் மருந்து எடுத்துக் கொடுப்பவள். மற்ற பாடமெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டாள். இது மட்டும் மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது. தினமும் வகுப்பு முடிந்தபின் அரை மணி நேரம், அதே சந்தேகம்.

அவரிடம் படித்துப் புரியாமல் போனவர் இதுவரை யாருமில்லை. அந்தப் பெயர் இன்றோடு போகிறது. நாளை முதல் இவள் வரமாட்டாள் என்று நினைத்தபோது நெஞ்சு கனத்தது. பாடம் பாதியில் நிற்கிற வருத்தம் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். தானே சமைத்துத் தானே சாப்பிடுகிற ஆளுக்கு வேறென்ன வருத்தம் இருந்துவிடப் போகிறது?

"தப்பு என் மேலதாங்க. எனக்குச் சொல்லிக் குடுக்கத் தெரியலை" என்று பேனாவைத் திறந்தார். "பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீச்சர் இருக்காங்க. ரொம்பக் கெட்டிக்காரங்க. லெட்டர் தரேன், நாளையிலேருந்து அங்க போங்க."

அவள் பேனாவை அவர் கையிலிருந்து பிடுங்கி மூடி போட்டாள். ஆறு வாரத்தில் முதல் முறையாக அவளுக்குக் கோபம் வந்திருந்தது.

"எனக்கு முதல் நாளே புரிஞ்சுடுச்சு சார். உங்களுக்குத்தான் இன்னும் புரியலை."