நிறுத்தியது யார்

அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்.

பெரிய டாக்டர் அர்த்தநாரி. அவருக்குக் கீழே வேலை பார்க்கும் டாக்டர் தேன்மொழி, என் மருமகள். நர்ஸ் ஜெசிந்தா. என் தங்கை பாவாயி. கட்டிலில் காய்ச்சலோடு நான்.

வேறு யாரும் இல்லை. பிறகு பேசியவர்கள்தான் பலர்.

பெரிய டாக்டர் என் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்.

"ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சிருவோம்."

எந்தக் காய்ச்சலுக்கும் அதைத்தான் எழுதுவார். இரக்கம் மிகுந்தவர். நோயாளியைச் சும்மா விட்டுப் போக அவருக்கு மனம் வராது.

"பெரிய மருந்தாவே போடுங்க டாக்டர். எங்கண்ணன் தாங்குவாரு," என்றாள் பாவாயி.

ஊசி போடாத டாக்டரை எங்கள் குடும்பத்தில் டாக்டராக மதிப்பதில்லை.

"சார்," என்றாள் தேன்மொழி. "வைரஸ் காய்ச்சல்னு ரிப்போர்ட் வந்திருச்சு. அதுக்கு இந்த மருந்து கேக்காதுங்க சார்."

"தெரியும்மா. வயசான மனுசர். ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும்."

அவர் சொன்ன பிறகு அங்கே யாரும் மறுசொல் பேசுவதில்லை.

எங்கள் வீட்டில் நான் சொன்ன பிறகும் அப்படித்தான்.

ஜெசிந்தா மருந்து பாட்டிலைத் தொங்கவிட்டாள். குழாயை என் கையில் இணைத்தாள். பெரிய டாக்டர் கதவை நோக்கி நடந்தார்.

முதல் சொட்டு திரண்டது.

தேன்மொழி கை நீட்டிக் குழாயிலிருந்த சின்னச் சக்கரத்தைத் திருகினாள்.

சொட்டு நின்றது.

அவள் விரலை அதிலிருந்து எடுக்கவில்லை. அடுத்த மாதம் அவள் வேலை நிரந்தரமாக வேண்டும். அதற்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் பெரிய டாக்டர்.

"டாக்டர்!" என்று கூவினாள் பாவாயி. "மருந்த நிறுத்தியாச்சுங்க!"

நான் எழுந்து உட்கார்ந்தேன். மருமகளின் விரலை விலக்கினேன். என் விரலைச் சக்கரத்தின் மேல் வைத்தேன்.

அவர் திரும்பினார்.

"யாரு நிறுத்துனது?"

"நான்தானுங்க. எனக்கு வேண்டாமுங்க."

அவர் என் விரலைப் பார்த்தார். தேன்மொழியைப் பார்த்தார். மறுபடி என் விரலைப் பார்த்தார்.

"உங்க இஷ்டமுங்க. ஏம்மா, காய்ச்சல் ஏறுனா உடனே எனக்குச் சொல்லு."

ஏறவில்லை.

மாலையில் கஞ்சியை ஆற்றிக்கொண்டே, "ஏனுங்க மாமா அப்படிச் சொன்னீங்க?" என்றாள் தேன்மொழி.

"உப்புப் பத்தல," என்றேன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உப்பு எடுக்கப் போனாள். வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள்.

மாமனாருக்கு ஏற்றிய மருந்தை மருமகள் நிறுத்திவிட்டாள் என்று சொந்தபந்தத்தில் ஒரு பேச்சு நடக்கிறது. பாவாயி கண்ணால் பார்த்தாளாம்.

தவறு. நிறுத்தியது நான்.

பாவாயி அன்று கண்ணாடி கொண்டுவரவில்லை.