இருநூறு வருஷக் கணக்கு

"எல்லாரும் வாங்குங்கறாங்க, நீங்க மட்டும் வித்துடச் சொல்றீங்களே மேடம், நியாயமா?"

கேட்டது நான்தான். பங்குத் தரகு ஆபீசில், வாடிக்கையாளரிடம் பேசிப் பங்கு வாங்க வைப்பது என் வேலை. எந்தப் பங்கு கேட்கிற விலை பெறும், எது பெறாது என்று கணக்குப் போட்டு ரிப்போர்ட் எழுதுவது மேடம் வேலை. எதையும் வெட்டிவிடுவார் என்று நாங்கள் வைத்த பெயர் கத்திரி.

இந்த முறை அவர் கைவைத்தது ஊரே தலையில் வைத்துக் கூத்தாடிய பங்கில். மனுஷன் மாதிரி யோசிக்கிற மென்பொருளாம். எனக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் நூறு பேர் தலையில் கட்டியிருந்தேன்.

"கம்பெனி நல்ல கம்பெனிதான் தம்பி. விலைதான் ஆகாது. ஒரு பங்குக்கு வருஷ லாபம் பத்து, விலை ரெண்டாயிரம். போட்ட காசு திரும்ப இருநூறு வருஷம். அவ்வளவு ஆயுசு இருக்கா உங்களுக்கு?"

"லாபம் வளரும்ல?"

"பத்து மடங்கு வளர்ந்தாலும் இருபது வருஷம். அதையும் போட்டுப் பார்த்துட்டேன்."

மேனேஜர் குழைந்தார். "ஏம்மா, இது வெளிய வந்தா பங்கு விலை சரிஞ்சுடும். ஊரோட ஒத்துப் போயேன். 'வித்துடுங்க'ன்னு போட்டதை 'வெச்சிருக்கலாம்'னாவது மாத்து."

"முடியாது சார். ரிட்டயர் ஆன பணத்தையெல்லாம் கொண்டுவந்து இதுல கொட்டறாங்க. நம்ம பேச்சை நம்பித்தானே?"

"பிரமோஷன் லிஸ்ட் என் கையிலதான் இருக்கு."

"தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவங்க வீட்டுக்காரர் அந்தக் கம்பெனியிலதான் சார் இருந்தார். போன வருஷம் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அந்த வயித்தெரிச்சல்தான் இது!"

மேனேஜர் முகம் மலர்ந்தது. "அப்படிப் போடு! சொந்தப் பகையில எழுதினதுன்னு ஒரு வரி காட்டு. ரிப்போர்ட்டையே நிறுத்திடறேன்."

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்பது பக்கம். சிவப்புப் பேனாவும் கையுமாகத் துழாவினேன். பகையா? மருந்துக்குக் கூட இல்லை. மூன்று இடத்தில் அந்தக் கம்பெனியைப் பாராட்டி வேறு எழுதியிருந்தார். எண்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் கூடப் பிசகில்லை.

கடைசிப் பக்கத்தின் அடியில், சட்டத்துக்காகப் பொடி எழுத்தில் போடுகிற வரிகள். எவனும் படிக்க மாட்டான். நானும் இத்தனை வருஷத்தில் படித்ததில்லை. அன்று படித்தேன்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. என்ன மனுஷி இவர்! இவரைப் போயா அப்படிப் பேசினேன்?

மேனேஜர் அறைக்கு ஓடினேன்.

"என்னய்யா, பகை கிடைச்சுதா? எந்தப் பக்கம்?"

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அந்த வரிகள் மேல் விரலை வைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குரல் இறங்க இறங்க வாசித்தார்.

"இதை எழுதியவரின் கணவருக்கு, பணிநீக்கத்தின்போது சேர வேண்டிய தொகை முழுவதும் இந்தக் கம்பெனியின் பங்குகளாகவே தரப்பட்டது. குடும்பத்துக்கு வேறு சேமிப்பு இல்லை. இந்த அறிக்கை வெளியாகி மூன்று மாதம் வரை அவற்றை விற்க அவர்களுக்கு அனுமதி இல்லை."